ஓபராவும் க்ரௌலும் ஒரே தொண்டை தாங்குமா? வாசகி கேள்விக்கு பதில்

கேள்வி (நீளமா இருந்துச்சு, சுருக்கிட்டேன்): "கோயம்புத்தூர்ல இருந்து எழுதுறேன் மேடம், வயசு 21. மூணு வருஷமா வெஸ்டர்ன் கிளாசிக்கல் கத்துக்கிறேன், ஓபரா ஸ்டைல். காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் மெட்டல் பேண்ட் ஆரம்பிச்சு என்னை பாடக் கூப்பிடுறாங்க, பாதி ஓபரா மாதிரி, பாதி க்ரௌல் (கரகரன்னு உறுமிப் பாடுறது). டீச்சர்கிட்ட சொன்னா, க்ரௌல் ஒரு தடவ பண்ணாலே நாட்யூல் (குரல் நாண்ல வர்ற சின்ன முடிச்சு) வந்துடும், கிளாசிக்கல் குரல் திரும்பவே வராதுன்னு திட்டிட்டாங்க. கிட்டார் வாசிக்கிற பையன் ஒரு ரீல்ஸ் கோச்சை காட்டி 21 நாள்ல கத்துக்கலாம், 8,000 ரூபாதான்ங்கிறான். ரெண்டு ரிகர்சல் போனேன், தொண்டை எரிஞ்சுது, மறுநாள் காலைல குரல் கட்டிக்கிச்சு. ரெண்டையும் பாடலாமா, ஒண்ண விட்டுடணுமா? அம்மா தினமும் மிளகுப்பால் குடுக்கிறாங்க, அது போதுமா?"

பாடலாம்மா. ரெண்டையும் பாடலாம். உங்க டீச்சர் சொன்னதுல பாதி தப்பு, அந்த பையன் சொன்னது முழுசா தப்பு, ஆனா நீங்க கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்களே எரிச்சல், மறுநாள் குரல் கட்டு, அதுதான் நான் பதில் சொல்ல வேண்டிய விஷயமே.

முதல்ல டீச்சர் பயத்தை பார்ப்போம். தொண்டைக்குள்ள குரல் நாண் ஒரு ஜோடி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு கொஞ்சம் மேல இன்னொரு ஜோடி தடிச்ச மடிப்பு இருக்கு, பொய் நாண்னு சொல்லுவோம், சாதாரணமா பேசும்போதும் பாடும்போதும் அது ஒதுங்கி சும்மா இருக்கும். க்ரௌல்ல உறுமுறது பெரும்பாலும் இந்த மேல் மடிப்புதான். மெதுவா, ஒழுங்கில்லாம அது துடிக்கிறதுதான் நமக்கு அந்த கரகரப்பா கேக்குது. இது ஏதோ மெட்டல்காரன் கண்டுபிடிச்ச பைத்தியக்காரத்தனம் இல்ல, ரஷ்யாவுல தூவா மக்கள் பரம்பரையா பாடுற கார்கிரா பாட்டுலயும் இதே மடிப்புதான் வேலை செய்யுது. லோர்னா ஷோர்ங்கிற மெட்டல் பேண்டோட பாடகர் வில் ராமோஸ் மூக்கு வழியா கேமரா விட்டு பார்க்க ஒத்துக்கிட்டார், எலிசபெத் ஸாரோஃப்னு ஓபரா படிச்ச பாடகி ஒருத்தங்களே கூட இருந்து பண்ணாங்க, வீடியோ நெட்ல கிடைக்குது, சாப்பிடும்போது பார்க்காதீங்க. பேய் மாதிரி சத்தம் வர்ற நேரத்துல அவர் தொண்டைல நாணுக்கு மேல இருக்கிற சதையெல்லாம் ஒண்ணா நெருங்கி வந்து படபடன்னு ஆடுது.

இப்ப ஓபரா பக்கம் வாங்க. 440 ஹெர்ட்ஸ்ல ஒரு ஸ்வரம் பிடிச்சீங்கன்னா உங்க நாண் ரெண்டும் நொடிக்கு 440 தடவ, கை தட்டுற மாதிரி, மோதி பிரியுது. சோப்ரானோவோட (பெண் குரல்ல உச்ச வகை) ஹை சிங்கிற மேல் ஸ்வரம் 1,046 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், கணக்கு போட்டுக்கோங்க. அதனால கிளாசிக்கல்னா பாதுகாப்பு, மெட்டல்னா நாசம்னு பிரிக்கிறதுல அர்த்தமில்ல. பிரெஞ்சு சோப்ரானோ நத்தலி டெஸே, க்ரௌல் பக்கமே போகாதவங்க, 2000க்கு அப்புறம் சில வருஷத்துக்குள்ள ரெண்டு தடவ குரல் நாண்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. நாட்யூல் வர்றது பாட்டு வகையால இல்ல, நாணை எவ்வளவு அழுத்தி எவ்வளவு நேரம் மோத விடுறோம்ங்கிறதால. தெரியாம க்ரௌல் பண்றவங்க மேல் மடிப்பை விட்டுட்டு கீழ் நாணையே இறுக்கிப் பிடிச்சு கத்துவாங்க, டீச்சர் பார்த்து பயந்தது அந்த கூட்டத்தைத்தான், அந்த அளவுல அவங்க பயம் நியாயம். ஆனா ஒரு தடவ பண்ணாலே குரல் போயிடும்னு சொல்றது பிள்ளைங்களை மிரட்டி வெக்கிற வழக்கம், அவ்ளோதான். நெதர்லாந்து ஃப்ளோர் யான்சன் நைட்விஷ்ங்கிற மெட்டல் பேண்ட்ல ஓபரா மாதிரியும் பாடுறாங்க, ராக் குரல்லயும் பாடுறாங்க, தேவைப்பட்டா உறுமவும் செய்றாங்க, ஒரே கச்சேரில.

அப்போ ஏன் எரிஞ்சுது? நான் பந்தயம் கட்டுவேன், க்ரௌலால இல்ல. ஓபரா பார்ட் பாடும்போதுதான் நீங்க தொண்டையை கெடுத்துக்கிட்டிருப்பீங்க.

ஓபரா பாடகர் மைக் இல்லாம ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை தாண்டி கடைசி வரிசை வரைக்கும் கேக்கிறது எப்படின்னு ஸ்வீடன்ல யோஹான் சுந்த்பெர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினார். ஆர்கெஸ்ட்ராவோட சத்தம் 500 ஹெர்ட்ஸ் பக்கத்துல குவிஞ்சிருக்கும், மேல போகப் போக இறங்கிடும். ஓபரா குரல், முக்கியமா ஆண் குரல், சுமார் 3,000 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு மினுக்கத்தை சேர்த்துக்குது, நம்ம காதும் அந்த இடத்துலதான் ரொம்ப கூர்மை, அதனால காலியா கிடக்கிற சந்துல புகுந்து குரல் வெளிய வந்துடுது. பெண் குரல் ரொம்ப உச்சத்துக்கு போனா வழி கொஞ்சம் வேற, அது இப்ப வேணாம். ஆனா மெட்டல் பேண்ட்ல அந்த சந்து காலியாவா இருக்கு? டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது கரகரன்னு ஒலிக்க வெச்ச கிட்டார் சரியா அதே இடத்துல வந்து உக்காந்திருக்கும், மிச்சம் மீதியை டிரம்ஸோட சிம்பல் தட்டு எடுத்துக்கும். மூணு வருஷம் கத்துக்கிட்ட வித்தை அந்த ரூம்ல செல்லாது. உங்களுக்கே உங்க குரல் கேக்காது, கேக்கலன்னா மனுஷன் தானாவே சத்தத்தை கூட்டுவான், 1911லயே லோம்பார்டுங்கிற பிரெஞ்சு டாக்டர் சொல்லி வெச்சது இது, நினைச்ச மாத்திரத்துல அடக்குறது கஷ்டம்.

ரிகர்சல் ரூம் எப்படி இருந்திருக்கும்னு நானே சொல்றேன் பாருங்க. பத்துக்கு பன்னெண்டு ரூம், முட்டை அட்டை ஒட்டின சுவரு, டிரம் கிட் பாதி இடத்தை அடைச்சிருக்கும், சிம்பல் உங்க காது உயரத்துல, கிட்டார் ஆம்ப் உங்க முதுகுக்கு பின்னாடி, உங்களுக்கு ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர், அதுவும் சத்தத்தை ஏத்தினா கீன்னு கத்தும், உடனே யாராவது வோக்கலை குறைடான்னு சொல்லுவான். குறைக்க வேண்டியது கிட்டாரை! இதை எந்த பேண்ட்ல சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாங்க. உங்க குரலை உங்களுக்கே கேக்க வெக்கிற ஒரு இன்-இயர், அதாவது காதுக்குள்ள வெக்கிற மானிட்டர் வாங்குங்க, விலை கம்மியா இருந்தாலும் பரவால்ல, மைக்கை உதட்டுக்கு ஒட்டி வைங்க, முதல்ல உங்க குரல் தெளிவா கேக்கிற அளவை செட் பண்ணிட்டு அதுக்கு ஏத்த மாதிரி மத்தவங்க குறைச்சு வாசிக்கட்டும். ஒத்துக்கலன்னா அந்த பேண்ட் வேணாம், பாட்டு எவ்ளோ நல்லா இருந்தாலும்.

இன்னொண்ணு, நல்லா க்ரௌல் பண்றவங்க பக்கத்துல மைக் இல்லாம நின்னு பார்த்தா ஏமாத்தமா இருக்கும். சத்தமே பெருசா வராது, கொஞ்சம் உரக்க பேசுற அளவுதான், மிச்சத்தை மைக் பார்த்துக்குது. யாராவது அடிவயித்துலேந்து முழு பலத்தையும் போட்டு கத்துன்னு சொல்லிக் குடுத்தா எழுந்து வந்துடுங்க.

இப்ப அந்த 8,000 ரூபா ஆளு. இவங்களை பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு பிபி ஏறும், இருந்தாலும் சொல்லியாகணும். 21 நாள்ங்கிறதே பொய். மேல் மடிப்பை மட்டும் தனியா கூப்பிட சிலருக்கு ஒரு வாரத்துல வரும், சிலருக்கு வருஷம் ஆகும். இவங்க பண்றது என்னன்னா, ரெண்டு மாசம் தானே யூடியூப் பார்த்து கத்திட்டு, ரிங் லைட் வாங்கி, இன்டர்நேஷனல் வோக்கல் கோச்னு பேர் போட்டுக்கிறது, ரெகார்ட் பண்ண வீடியோவை விக்கிறது, உங்க குரலை நேர்ல ஒரு தடவ கூட கேக்கிறதில்ல. அதைவிட மோசம் நடுவுல நிக்கிற ஏஜெண்ட் கூட்டம். கோச்சுக்கு ஆள் பிடிச்சு குடுத்தா கமிஷன், கோர்ஸ் முடிச்சா ஷோ வாங்கித் தரேன்னு ஒரு அட்வான்ஸ், ஷோவுக்கு 50 டிக்கெட்டை நீங்களே வித்துத் தரணும்னு ஒரு கண்டிஷன், கடைசில பார்த்தா பாடின பொண்ணு கைக்காசு போட்டு பாடியிருக்கும். தொண்டை எரியுதுன்னு சொன்னா, எரிஞ்சாதான் பழகும், ஜிம்ல தசை வலிக்கிற மாதிரிம்பாங்க. சுத்தப் பொய்மா. நாண் மேல இருக்கிறது மெல்லிசான சவ்வு, அடி வாங்கி வாங்கி பலமாகிற பொருள் இல்ல, அடிபட்டா வீங்கும், வீங்கினது தழும்பாச்சுன்னா அவ்வளவுதான். வலியே வரக் கூடாது, லேசா கூட. உருப்படியா சொல்லிக் குடுக்கிறவங்க இல்லாம இல்ல, நியூயார்க்ல மெலிஸ்ஸா கிராஸ், கோபன்ஹேகன்ல காத்ரின் சடோலின், ரெண்டு பேரும் பல வருஷமா இதையே வேலையா பண்றவங்க. இங்கயும் நல்லவங்க ஒரு சிலர் உண்டு, அவங்ககிட்ட போனா முதல் கிளாஸ்ல உங்களை கத்தவே விட மாட்டாங்க, மூச்சு எப்படி விடுறீங்கன்னு பார்ப்பாங்க.

ஷோ அன்னிக்கு குரல் கட்டினா ஒரு ஊசி போட்டுக்கலாம்னு ஒருத்தன் வருவான் பாருங்க, அவனை கிட்டவே சேர்க்காதீங்க. ஸ்டீராய்டு வீக்கத்தை குறைக்கும், நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அந்த தைரியத்துல முழுசா பாடி நாணை கிழிச்சுக்குவீங்க. டாக்டர் உள்ள பார்த்து குடுக்கிறது வேற, ஈவென்ட் மேனேஜர் மெடிக்கல்ல வாங்கிட்டு வர்றது வேற.

டாக்டர்னதும் இன்னொரு வயித்தெரிச்சல். குரல் கட்டிக்கிச்சுன்னு போனா பல இடத்துல மூணு நிமிஷம் பார்த்துட்டு ஒரு ஆன்டிபயாடிக், ஒரு அசிடிட்டி மாத்திரை, அடுத்த ஆளு. நாண் அசையறதை ஸ்லோ மோஷன்ல காட்டுற ஸ்ட்ரோபோஸ்கோபின்னு ஒண்ணு இருக்கு, பாடகருக்கு அது இல்லாம எதையும் முடிவு பண்றது குருட்டாம்போக்கு, ஆனா பெரிய பெரிய ஆஸ்பத்திரிலயே மெஷின் இருக்காது, இருந்தா ரிப்பேர்ல இருக்கும். வாய்ஸ் தெரபிக்கு இன்சூரன்ஸ்ல பணம் கேட்டுப் பாருங்க, இது என்ன வியாதி மேடம்பாங்க. உங்களுக்கு நான் சொல்றது இதுதான், குரல் கட்டு மூணு வாரத்துக்கு மேல போனா ஈஎன்டி கிட்ட போய் ஸ்ட்ரோபோஸ்கோபி உண்டான்னு வாய்விட்டு கேளுங்க, தெரபிக்கு போறீங்கன்னா அவங்க ஆர்சிஐல (ரீஹேபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) பதிவு பண்ணவங்களான்னு நம்பர் கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கிறவங்க கிட்ட போகாதீங்க.

ரெண்டும் பாடலாம்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரே ஒரு விலக்கு, இதை நிதானமா படிங்க, ஏன்னா இதை உங்க டீச்சரும் சொல்லியிருக்க மாட்டாங்க, கோச்சும் சொல்ல மாட்டான். பீரியட்ஸுக்கு முந்தின ரெண்டு மூணு நாளும் முதல் ஒண்ணு ரெண்டு நாளும் சில பெண்களுக்கு நாண் மேல ஓடுற குட்டி ரத்தக் குழாய் உப்பி இருக்கும், நாணும் லேசா வீங்கியிருக்கும். ஐரோப்பாவுல சில ஓபரா ஹவுஸ்ல அந்த நாளுக்கு பாடகிகளுக்கு லீவு குடுக்கிற வழக்கமே ஒரு காலத்துல இருந்துச்சு. அந்த நேரத்துல வயித்து வலின்னு நம்ம வீட்ல என்ன மாத்திரை போடுவோம்? மெஃபனமிக் ஆசிட், இல்லன்னா ஐபுப்ரோஃபென், சிலர் ஆஸ்பிரின். மூணுமே ரத்தம் உறையறதை கொஞ்சமாவது தாமதப்படுத்துற வகை. உப்பின குழாய், உறையாத ரத்தம், அதுக்கு மேல முழு பலத்துல ஹை நோட்டோ க்ரௌலோ பாடி குழாய் உடைஞ்சா நாணுக்குள்ளயே ரத்தம் கட்டிடும். பெரும்பாலும் வலிக்காது, பாடிட்டு இருக்கும்போதே பட்டுன்னு குரல் கம்மும் இல்ல காணாம போகும், அதான் அடையாளம். அப்படி ஆச்சுன்னா அந்த பாட்டை முடிச்சுட்டு இறங்கலாம்னு நினைக்காதீங்க, அந்த வரிலயே நிறுத்திட்டு, பேசாம, குசுகுசுன்னு கூட பேசாம, அன்னிக்கே இல்லன்னா மறுநாளாவது ஈஎன்டி கிட்ட போகணும். வலி மாத்திரை வேணும்னா பாராசிட்டமால் ஒத்துக்குமான்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. அந்த நாள்ல மெதுவா பயிற்சி பண்ணலாம், உச்சம் வேணாம், க்ரௌல் வேணாம், ரெகார்டிங் டேட் குடுக்காதீங்க. பேண்ட் பசங்ககிட்ட சொல்ல கூச்சமா இருந்தா ஜுரம்னு சொல்லிக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல.

மத்தபடி தினப்படிக்கு, கிளாசிக்கல் பயிற்சியை முதல்ல முடிச்சுடுங்க, க்ரௌல் அப்புறம், ஆரம்பத்துல பத்து நிமிஷத்துக்கு மேல வேணாம், வாரத்துல மூணு நாள் போதும். ஓபரால பெரிய ரோல் பாடுறவங்க அடுத்தடுத்த நாள் பாடுறதை முடிஞ்ச வரைக்கும் தவிர்ப்பாங்க, நடுவுல இடைவெளி விடுவாங்க, மெட்டல் டூர்ல அப்படி இல்ல, வாரத்துல அஞ்சாறு நாள் மேடை. அதனால இடைவெளியை நீங்கதான் பார்த்து வெச்சுக்கணும். முடிச்சதும் ஒரு ஸ்ட்ராவை வாயில வெச்சு அது வழியா ம்ம்னு ரெண்டு மூணு நிமிஷம் மேல கீழ போயிட்டு வாங்க, நாண் ஆசுவாசம் ஆகும். தினமும் காலைல ஒரு டெஸ்ட்: பிறந்தநாள் பாட்டோட முதல் வரியை, உங்களால முடிஞ்ச உச்சத்துல, தூங்குற குழந்தை எழுந்திருக்காத அளவு மெல்லமா பாடிப் பாருங்க. சத்தமா பாடினா வீக்கம் தெரியாது, மெல்லமா பாடினாதான் மாட்டிக்கும். நேத்து வந்த உயரத்துல இன்னிக்கு காத்து மட்டும் வந்தா வீங்கியிருக்குன்னு அர்த்தம், அன்னிக்கு லீவு.

மிளகுப்பால் பத்தி கேட்டீங்க. குடிக்கிறது எதுவும் குரல் நாணை தொடாதுமா, அது உணவுக் குழாய் வழியா போகுது, நாணை தொட்டா புரையேறி இருமிக்கிட்டு இருப்பீங்க. அம்மா ஆசைக்கு சாயங்காலமா குடிங்க, படுக்கைக்கு போறப்ப வேணாம், காரமும் பாலுமா சேர்ந்து ராத்திரில எதுக்களிச்சா காலைல குரல் கட்டுறதுக்கு அதுவே இன்னொரு காரணம் ஆயிடும். நாள் முழுக்க பச்சைத் தண்ணி குடிங்க, ரிகர்சல்ல ஏசியை நேரா முகத்துக்கு வெச்சுக்காதீங்க. ஒரு பத்து நாள் க்ரௌலை நிறுத்திட்டு அந்த காலை டெஸ்ட்டை பண்ணிப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க, அதுக்குள்ள அந்த 8,000 ரூபாயை யாருக்கும் ஜிபே பண்ணிடாதீங்க.