கொக்கிக்கு ஒரு கம்பி, மணிக்கு ஒரு கம்பி

அன்புள்ள அக்கா,

ஆயா விட்டுப்போன கண்ணாடி மணிகளைக் கோத்து மாலை செய்கிறேன். வீட்டு ஒயரை உரித்தெடுத்த செம்புக் கம்பிதான். கழுத்துக் கொக்கி இரண்டே நாளில் வாய் பிளந்துவிடுகிறது. ஆனால் மணிகளை இணைக்கும் கண்களோ, அதாவது கம்பி வளையங்களோ, சுருட்டும்போதே ஒடிகின்றன. தடித்த கம்பி வாங்கினால் சரியாகுமா?

வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புத் தங்கைக்கு,

தடிமன் மட்டும் போதாது, கம்பியின் பதத்தையும் பாருங்கள். ஒயருக்குள் இருப்பது இளகின செம்பு. மணிக்கு அருமை, கொக்கிக்கு ஆகாது. நம் ஊரில் டெலிபோன் ஒயரில் கிண்ணம் பின்னும் சூலு கைவினைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். விறைப்பான கிண்ணம் என்றால் உள்ளே தடித்த கம்பி இருக்கும், வண்ண ஒயர் அதன்மேல் சுற்றிக்கொண்டே போகும். தாங்குவது ஒன்று, வளைவது ஒன்று.

அந்த இளகின கம்பி ஏன் ஒடிகிறது? கோணலாக வந்த கண்ணைப் பிரித்து நிமிர்த்தி மறுபடி சுருட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். செம்பு வளைய வளைய இறுகும், இறுகியதை மீண்டும் வளைத்தால் முறியும். கோணினால் வெட்டிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு எடுங்கள். மிச்சம் பிடிக்கப் போய் நானும் நிறையக் கெடுத்திருக்கிறேன். உருண்டை முனைக் குறட்டில் மையால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அங்கேயே சுருட்டினால் எல்லாக் கண்ணும் ஒரே அளவாக வரும். கண்ணைத் திறக்கும்போது அகட்டாதீர்கள், கதவு திறப்பதுபோலப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

இறுகும் குணமே கொக்கிக்குக் கைகொடுக்கும். 1 மில்லிமீட்டர் கம்பியில் கொக்கியை வளைத்து முடித்த அப்புறம், இரும்புக் கட்டைமேல் வைத்து வளைவில் மட்டும் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். லேசாகத் தட்டையாகும்போதே விறைத்துவிடும். அதிகம் தட்டினால் வெடிப்பு விழும்.

மணிகளுக்கு 0.8 போதும், பழைய மணியின் துளை சின்னதென்றால் 0.6. மில்லிமீட்டரிலேயே கேட்டு வாங்குங்கள். கம்பித் தடிமனை எண்ணால் குறிக்கும் கேஜ் கணக்கில் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். அதிலும் அமெரிக்க 20 என்பது 0.81, பிரிட்டிஷ் 20 என்பது 0.91.

இறுகிப்போன வெறும் கம்பியை மங்கின சிவப்பாகும்வரை தீயில் காட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். பிளாஸ்டிக் உறை துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. கறுப்பு போகப் புளி போட்டுத் தேயுங்கள். ஆனால் மணி கோத்ததைத் தீப்பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், ஆயாவின் கண்ணாடி வெடித்துவிடும்.