பாட்டும் படிப்பும்: வாசகர் கேள்வி, ஆசிரியை பதில்

(இசையில் மேற்படிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், பல்கலைக்கழக இசைத் துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் வாய்ப்பாட்டு ஆசிரியை.)

கேள்வி: எனக்கு வயது 31. பி.ஏ. இசை முடித்துக் கல்யாணம், குழந்தை என்று வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். எம்.ஏ., பிறகு பிஎச்.டி. படிக்க ஆசை. “பாடத் தெரியுது, சொல்லிக்கொடுக்கவும் தெரியுது, இன்னும் என்ன படிப்பு?” என்கிறார் மாமியார். அவருக்குச் சொல்ல என்னிடமும் பதில் இல்லை. எம்.ஏ.வில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் வகுப்பில் தோடி ராகம் படிக்கிற பிள்ளை இருக்கும். நோட்டில் ‘க’ (காந்தாரம்) என்று எழுதியிருப்பதைக் காட்டி, “மிஸ், நீங்க பாடுறப்ப இது மத்யமம் மாதிரி கேக்குதே?” என்று அது ஒரு நாள் கேட்கும். நம்மில் பலர் “நான் பாடுற மாதிரியே பாடு கண்ணு” என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதும். எம்.ஏ. வகுப்பு அந்தப் பதில் முடிகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இன்றைக்கே சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு தோடி, பைரவி, கரகரப்பிரியா மூன்றிலும் ‘க ரி ஸ’ பாடிப் பாருங்கள். மேளகர்த்தா என்ற தாய் ராகக் கணக்கில் மூன்றுக்கும் ஒரே சாதாரண காந்தாரம். ஆனால் தோடியில் அந்த காந்தாரம் தன் இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி, மத்யமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்தால் சுரம் சரியாகத்தான் கேட்கும், தோடி கேட்காது. கரகரப்பிரியாவில் அசைவின் அகலம் வேறு, வேகம் வேறு. பைரவியில் இன்னொரு விதம். 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்களுக்கும் இடம் வகுத்துக் கொடுத்தார். அந்த இடத்துக்குள் சுரம் எப்படி அசைகிறது என்பதை ஏட்டில் பிடிக்க, 1904-இல் எட்டயபுரத்திலிருந்து வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு கமகத்துக்கும் (அசைவு வகைக்கும்) தனித்தனிக் குறி போட்டார். இவை இரண்டையும் வாசித்து, பிறகு வாய்விட்டுப் பாடிப் பார்த்து, அதன் பிறகு அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நாலு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். முதலாவதை லட்சணம் என்கிறோம், அடுத்ததை லட்சியம் என்கிறோம், மூன்றாவது போதனா முறை. பாடத்திட்டத்தில் மூன்றும் தனித்தனித் தாள்களாக இருக்கும். நல்ல ஆசிரியர் நடத்தினால் ஒரே வகுப்பில் மூன்றும் வந்துவிடும். மாமியாரையும் உட்கார வைத்து மூன்று ராகத்தையும் பாடிக் காட்டுங்கள். சங்கீதம் தெரியாதவர்களுக்கும் அந்த வித்தியாசம் காதில் விழும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு முதலில் தேய்வது சொந்த சாதகம், அதாவது தனக்கான பயிற்சி. நாள் முழுக்க ஜண்டை வரிசையும் கீதமும் சொல்லிக்கொடுத்த தொண்டைக்கு ராத்திரி நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) பாட மனசு வராது. எம்.ஏ.வில் ராகம் தானம் பல்லவி வந்து நிற்கும். தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு பல்லவியைக் கீழ்க்காலத்திலும் மேல்காலத்திலும் பாடி, எடுப்பு (தாளத்தில் பல்லவி தொடங்கும் இடம்) தவறாமல் வந்து சேர வேண்டும். எழுத்துத் தேர்வில் தொண்ணூறு வாங்குகிறவர்கள் திணறுவது இங்கேதான். அதனால் சேர்வதற்கு முன்பே, பிள்ளைகள் வருவதற்கு முந்திய காலை நேரத்தை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வர்ணத்தை மூன்று காலத்திலும் அகாரமாக, ‘ஆ’ என்று மட்டும் பாடுங்கள். ஒரு பெரியவரிடம் போய் மாணவியாக உட்கார்ந்து புதிதாக ஒரு கிருதி பாடம் பண்ணுங்கள்.

உங்கள் ஊருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமே வசதி. விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் உங்கள் ஸ்டேஷனிலேயே நிற்கிறது, சிதம்பரத்தில் இறங்கினால் அண்ணாமலை நகர் எட்டிப் பிடிக்கிற தூரம். டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் பாடம் சொன்ன துறை அது. தமிழிசை இயக்கத்துக்கு ராஜா அண்ணாமலைச் செட்டியார் தோள் கொடுத்ததால், தமிழ்ப் பாட்டைப் படிப்பாகவே படிக்கிற மரபு அங்கே வேர் பிடித்தது. தொலைநிலையில் சேரச் சொல்லி யாராவது சொன்னால், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

பிஎச்.டி.க்கு எம்.ஏ.வில் 55 சதவீதம் தேவை. முன்பு இடையில் இருந்த எம்.ஃபிலை யுஜிசி 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. பிஎச்.டி. முடிக்கக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு, மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே எழுதுங்கள். உதவித்தொகைக்கான ஜேஆர்எஃப் வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருக்கிறது. உங்களுக்குக் காலம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடுகிற அளவுக்கு இல்லை. கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். வீட்டில் பேசும்போது இந்தத் தொகையையும் சொல்லுங்கள், தப்பில்லை.

கேள்வி: அந்தக் காலத்து வித்வான்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள்? டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மேடையேறிப் பாடினால் அரங்கம் காலியாகிறதே?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஐயா, குருகுலத்தில் பத்து வருடம் கூடவே இருந்து கற்றதற்கு ஈடாக எந்தப் படிப்பும் வராது. அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டம் வாங்கினால் பாட்டு போய்விடும் என்பதை ஏற்க மாட்டேன். புல்லாங்குழல் டி. விசுவநாதன் வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி. சங்கீதத்துக்கு அதைவிட ஆழமான வீடு தமிழ்நாட்டில் இல்லை. அவர் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை வகித்தார், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராக ஆலாபனையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார், அங்கேயே பல காலம் பாடமும் சொன்னார். அவர் சகோதரர் மிருதங்கம் ரங்கநாதனும் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். பாடாந்தரம், அதாவது வீட்டு வழியில் வந்த பாடும் முறை, அப்படியே இருந்தது. தன் வீட்டு ஆலாபனை எப்படிக் கட்டப்படுகிறது என்று வெளியூர்க்காரனுக்கும் விளங்கச் சொல்ல முடிந்தது.

நீங்கள் சொல்கிற காலி அரங்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆய்வேடு எழுதுகிற நாலைந்து வருடம் தம்புராவைத் தொடாமல் இருப்பதால் வருகிற வினை அது. வழிகாட்டிகள் இதைக் கண்டிக்க வேண்டும். ஆய்வு மாணவர் பாடினாரா என்று கேட்காமல், அத்தியாயம் எழுதினாரா என்று மட்டும் கேட்பது சரியில்லை.

கேள்வி: அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசைப் பட்டம் முடித்து, வெளியூரில் முதுகலை படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு கேட்கிறார்கள். ‘தியாகராஜர் கிருதிகளில் பக்தி’ என்று கொடுக்கலாமா?
– மாணவர், புதுச்சேரி

பதில்: வேண்டாம் தம்பி. அந்தத் தலைப்பில் எழுத ஆரம்பித்தால் ஏற்கெனவே எழுதியதையே திருப்பி எழுதுவீர்கள். பதில் தெரியாத, ஆனால் நேரில் போய்க் கேட்டால் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியாகத் தேடுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. சூலை நோய் தீர அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடிய தலம். அந்தப் பதிகத்தின் பண் (தேவாரத்தின் பழைய ராகம்) கொல்லி. இன்றைக்கு அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறோம். நவரோஜ் விசித்திரமான ராகம். கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமத்தில் நின்றுவிடும், அதற்கு மேலே ஏறாது. வலியில் துடிக்கிறவர் பாடிய பாட்டுக்கு இந்த மேலே ஏறாத ராகம் எப்படி வந்து சேர்ந்தது? ஓதுவார்கள் பாடும்போது அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறார்களா, தாண்டுகிறார்களா? கச்சேரி மேடையில் பாடப்படும் நவரோஜுக்கும் சன்னிதியில் பாடப்படும் நவரோஜுக்கும் அசைவில் என்ன வித்தியாசம்? திருவதிகை, திருப்பாதிரிப்புலியூர், சிதம்பரம், சீர்காழி என்று வரிசையாகப் போய், ஓதுவார்களின் சம்மதத்தோடு ஒரே பதிகத்தைப் பதிவு செய்யுங்கள். எத்தனை கட்டை சுருதியில் பாடினார், யாரிடம் கற்றார், தாளத்தோடா, தாளமில்லாமல் விருத்தமாகவா என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து வரி வரியாகச் சுரப்படுத்துங்கள்.

ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டபோது அவர் மருத்துவர். தஞ்சாவூரில் மருந்து செய்த கையோடுதான் ஸ-வுக்கும் மேல் ஸ-வுக்கும் இடையே எத்தனை நுண்ணிய சுர இடங்கள் என்ற சுருதிக் கணக்கைப் போட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலானந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் தோண்டித் தோண்டி ‘யாழ் நூல்’ தந்தார், 1947-இல். அவர்கள் முடிவுகளோடு நீங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. பண்டிதர் 24 சுருதி என்றார், 22 என்பவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் அவர்களைப் பிடித்து உலுக்கிய கேள்வி ஒன்று இருந்தது. அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று உங்கள் வழிகாட்டி கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடலூர் மாவட்ட அரசு இசைப் பள்ளியில் தவில் முடித்தேன். கோயில் கச்சேரிகளுக்குப் போகிறேன். கல்லூரியில் ஆசிரியர் ஆக முடியுமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: முடியும். இசைப் பள்ளிச் சான்றிதழ் பட்டம் ஆகாது, அதனால் பிளஸ் 2 முடிக்கவில்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். அதன் பிறகு இசையில் ஒரு பட்டம். எம்.ஏ., நெட் என்று போகலாம், நெட்டின் இசைப் பாடத்தில் தாள வாத்தியத்துக்குத் தனிப் பிரிவு உண்டு.

உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு வழியையும் யுஜிசி விதிகளிலேயே திறந்து வைத்திருக்கிறார்கள். இளநிலைப் பட்டம் இருந்து, பெயர் பெற்ற வித்வானிடம் கற்று, வானொலியிலோ தூர்தர்ஷனிலோ ‘ஏ’ கிரேடு கலைஞராக இருந்தால், உதவிப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பாடத்தைக் காரணகாரியத்தோடு விளக்கவும், உதாரணம் காட்டிக் கோட்பாடு நடத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. புதுச்சேரி வானொலி நிலையத்தில் ஆடிஷனுக்கு விசாரியுங்கள். ‘பி’யில் தொடங்கி, ‘பி ஹை’ வாங்கி, ‘ஏ’க்கு வர வருடங்கள் பிடிக்கும். நாகசுரமும் தவிலும் கல்லூரி வகுப்பறையில் இன்னும் நிறைய ஒலிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியை நோட்டுப் புத்தகத்தில் பார்த்து மட்டும் தேர்வு எழுதுகிற நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது. ஒரு கோர்வை (முடிவில் வாசிக்கும் தாளக் கோப்பு) எப்படி விழுகிறது என்று கணக்கைக் கையால் போட்டுக் காட்டுவதோடு, வாயாலும் விளக்கப் பழகுங்கள்.

கேள்வி: மகன் பியானோவில் லண்டன் டிரினிட்டி தேர்வில் எட்டாம் கிரேடு தேறிவிட்டான். வெளிநாட்டில் இசையில் டாக்டர் பட்டம் வரை படிக்க வைக்க விரும்புகிறோம். எட்டாம் கிரேடு பட்டத்துக்குச் சமம் என்கிறார்களே?
– பெற்றோர், லாஸ்பேட்டை

பதில்: சமம் இல்லை. எட்டாம் கிரேடு என்பது இங்கிலாந்துக் கணக்கில் பள்ளி இறுதிக்கு ஈடான நிலை. அதற்கு மேல் ஏடிசிஎல், எல்டிசிஎல், எஃப்டிசிஎல் என்று டிப்ளமோக்கள் இருக்கின்றன. வாசிப்பை நிரூபிக்க அவை நல்ல சான்று, ஆனால் நம் நாட்டில் கல்லூரி வேலைக்கு அவை மட்டும் போதாது.

முதலில் இளநிலைப் பட்டத்துக்குப் போகட்டும். வாசிப்பைவிட அங்கே நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது ஹார்மனியிலும் (பல சுரங்களை ஒன்றாக இசைக்கும் முறை) செவிப் பயிற்சியிலும்தான். இப்போதே தினமும் நாலு குரல் ஹார்மனி எழுதவும், காதால் கேட்டதை ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதவும் பழக்குங்கள். முதுகலைக்குப் பிறகு வழி பிரியும். அமெரிக்காவில் டிஎம்ஏ என்பது வாசிப்பை மையமாகக் கொண்ட டாக்டர் பட்டம், பல தனிக் கச்சேரிகளும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் கேட்பார்கள். பிஎச்.டி. என்பது கோட்பாடு, வரலாறு, இன இசையியல் ஆகியவற்றில் முழு ஆய்வேடு. பையன் பியானோ முன்னால் இருக்க விரும்புகிறானா, ஏன் அந்த ஸ்வரக்கூட்டு அப்படி நகர்கிறது என்று யோசிப்பதில் சுகம் காண்கிறானா என்று அவனையே கேளுங்கள். பதினேழு வயதில் தெரியாவிட்டாலும் அவசரமில்லை, முதுகலை முடிகிற வரை இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம். திரும்பி வந்து இங்கே கற்பிக்க நினைத்தால் வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும், அதனால் சேரும் பல்கலைக்கழகத்துக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஆடிஷனுக்கு வீடியோ அனுப்பச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் ட்யூன் பண்ணாத பியானோவில் எடுக்காதீர்கள். சென்னைக்குப் போயாவது நல்ல வாத்தியத்தில், நல்ல அறையில் பதிவு செய்யுங்கள்.