அம்மாவின் கட்டில் ஏன் இடம் மாறியது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமத்தில் எங்கள் ஓட்டு வீடு, தாத்தா கட்டியது. அப்பா காலமான பிறகு அம்மா (74) மட்டும் இருக்கிறார். நான் சென்னையில், அண்ணன் கோவையில். மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்து மாற்றுவது வீண் செலவு, இடித்துவிட்டுத் தளம் போடலாம், தை பிறக்கட்டும் என்கிறார் அண்ணன். எனக்கு இடிக்க மனமில்லை. போன தீபாவளிக்குப் போனபோது அம்மா கட்டிலைச் சாமி அறை வாசலுக்கு மாற்றியிருந்தார், அங்கே மட்டும்தான் ஒழுகவில்லையாம். தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டதால் அவளை இதில் இழுக்கவில்லை. எது லாபம்?

பதில்: தம்பி, ஒவ்வொரு ஆடியிலும் இப்படி ஒரு கடிதம் வந்துவிடும், ஊர் பெயர்தான் மாறும். நீங்கள் கேட்டது லாப நஷ்டக் கணக்கு. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தக் கட்டில் வரியை.

74 வயதில் அவர் கட்டிலை எப்படி நகர்த்தினார்? மறுமுனையை யார் பிடித்தார்கள்? நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒரு நாள் மழைக்கு யாரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. முதலில் ஒரு குண்டான் வைப்பார்கள், அப்புறம் வாளி, அப்புறம் கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போடுவார்கள், அங்கேயும் சொட்டும், கூடம் முழுக்கத் தண்ணீர் நின்று ஒதுங்க வேறு இடமே இல்லை என்றான பிறகுதான் சாமி அறை வாசல். இதெல்லாம் நடந்த மூன்று மழைக்காலமும் பிள்ளைகள் இருவரும் போனில் ஓடா தளமா என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லையே என்காதீர்கள். சொன்னால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடு என்பீர்கள், அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சரி, கூரைக்கு வருகிறேன். ஒழுகினால் எல்லோரும் ஓட்டைத்தான் திட்டுவார்கள், பல வீடுகளில் குற்றம் அடியில் இருக்கும் மரத்தில். தெருவில் நின்று முகட்டைப் பாருங்கள். நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே விட்டமோ, சரிவாக இறங்கி ஓட்டைத் தாங்கும் கைமரமோ தளர்ந்துவிட்டது. அப்புறம் ஏணி போட்டு, கைமரம் சுவரில் உட்காரும் முனையைத் திருப்புளியால் குத்துங்கள், ஈரமும் கரையானும் முதலில் வேலையைக் காட்டும் இடம் அதுதான். கெட்டியாகத் தடுத்தால் மரம் நல்லது, பொதக்கென்று உள்ளே இறங்கினால் அதை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு சரிவு சேரும் கூடுவாய் மூலையில் குப்பை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாலைந்து கைமரமும், அதன் மேல் குறுக்கே அடித்து ஓடு உட்காரும் ரீப்பர் சட்டமும் மட்டும் போயிருந்தால் பழுது பாருங்கள், இரண்டாவது யோசனையே வேண்டாம். பாதிக்கு மேல் மரம் உளுத்து, சுவரும் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தால் அண்ணன் சொல்வது சரி, உங்கள் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இருக்கிற சுவர் மேலேயே தளம் போட்டுத் தருகிறேன் என்று ஒரு மேஸ்திரி வருவார், அவருக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். நாலு அங்குலக் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ, சீமை ஓட்டுக் கூரை, அதாவது தட்டையான மங்களூர் ஓடு, அதில் பாதிகூட வராது. மண் சாந்துச் சுவரும், மழையில் உப்பி வெயிலில் பாளம் பாளமாகப் பிளக்கும் நம் பக்கத்துக் களிமண்ணும் அந்தப் பாரத்துக்கு ஆனதில்லை. தகர ஷீட்டும் வேண்டாம், வைகாசி வெயிலில் உள்ளே உட்கார முடியாது, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஷீட் பறந்ததெல்லாம் உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடும்தான் பறந்தது, ஆனால் போன இடத்தில் மட்டும் வேறு ஓடு செருகிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் இருப்பது நாட்டு ஓடா சீமை ஓடா என்று எழுதவில்லை. வளைவான சின்ன நாட்டு ஓடு என்றால் அணிலும் குரங்கும் தென்னை மட்டையும் கலைத்துக்கொண்டே இருக்கும், சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து அடுக்கவேண்டும், இப்போது அதற்கு ஆளும் குறைவு. கைமரம் நன்றாக இருந்தால் ரீப்பரை மட்டும் புதிதாக அடித்துச் சீமை ஓட்டுக்கு மாறிவிடுங்கள்.

தை பிறக்கட்டும் என்கிறாரே அண்ணன், அப்படியென்றால் ஐப்பசி கார்த்திகை அடைமழையை இன்னொரு முறை அம்மா தலையில் கட்டுகிறீர்கள். ஆடியில் புது வீட்டுக்குத்தான் கடைக்கால் போட மாட்டார்கள், ஒழுகலை அடைக்க எந்த ஜோசியரும் நாள் குறிக்க வேண்டியதில்லை. சம்பா நடவு தொடங்கிவிட்டால் சித்தாளுக்குக்கூட நாயாய் அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம் உங்கள் தங்கை. கல்யாணமாகிவிட்டதால் இழுக்கவில்லையாம்! 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு, கல்யாணமானவள் ஆகாதவள் என்ற பேதமில்லை. அப்பா பங்கில் அம்மாவுக்கும் உரிமை உண்டு. அண்ணன் தம்பி இருவர் மட்டும் பேசி இடித்துவிடக்கூடிய வீடு இல்லை அது. சட்டத்தை விடுங்கள், ஒரு கூரையை என்ன செய்வது என்று முதலில் கேட்க வேண்டியது அதன் கீழே படுப்பவரை. இத்தனை நீளக் கடிதத்தில் அம்மாவைக் கேட்டோம் என்று ஒரு வரி இல்லை.

இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறுங்கள். யாரையாவது போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும் வேலையெல்லாம் வேண்டாம். தங்கையையும் வரச் சொல்லுங்கள். கையோடு நல்ல தார்ப்பாய் இரண்டு வாங்கிப் போங்கள், ஓடு பிரித்த நாளில் சாயங்கால மழை வந்தால் மூட வேண்டும். அம்மாவைக் கேட்டு, மரத்தைப் பார்த்து, ஆளைப் பேசி முன்பணம் கொடுத்த பிறகு அண்ணனுக்குப் போன் போடுங்கள். என்னைக் கேட்காமலா என்று கோபப்படுவார். படட்டும்.