லிங்க் கொடுத்ததற்கு நோட்டீஸ்: பக்கம் யார் சர்வரில் இருந்து வருகிறது?

கேள்வி: ஆறு வருடமாக விலை ஒப்பீட்டுத் தளம் நடத்துகிறேன். நான் லிங்க் கொடுக்கும் ஒரு நிறுவனம் இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அவர்களுக்கு இலவசமாக வாடிக்கையாளர்களை அனுப்புகிறோம், ஒருமுறை அவர்களே நன்றி சொல்லி மெயில் போட்டார்கள். கூகுள் செய்தால் சரி, நான் செய்தால் தப்பா? அவர்கள் பக்கம் எங்கள் தளத்துக்குள்ளேயே திறக்கும். நடுவில் அதைத் தடுத்தார்கள், எங்கள் டெவலப்பர் வேறு வழி செய்துவிட்டார். கோபத்தில் பதிலும் அனுப்பிவிட்டேன். கேஸ் நிற்குமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், அதில் எனக்கு வேண்டியது ஒரே வரி: 'நடுவில் அதைத் தடுத்தார்கள், எங்கள் டெவலப்பர் வேறு வழி செய்துவிட்டார்.' நன்றி மெயில், இலவச வாடிக்கையாளர், கூகுள் எல்லாம் நியாயமான ஆதங்கம்தான், ஆனால் தடுப்பு போட்ட அன்றே அந்த நன்றி காலாவதியாகிவிட்டது.

வெறும் லிங்க் என்றால் நான் பயப்பட மாட்டேன். யாரும் திறக்கக்கூடிய பக்கத்துக்கு லிங்க் கொடுக்க அனுமதி வேண்டாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஸ்வென்சன் வழக்கில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் முகப்பைத் தாண்டி உள்பக்கத்துக்கு லிங்க் போட்டதற்காக டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் வழக்குப் போட்டபோதும், லிங்க் மட்டுமே பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2000-இல் நீதிபதி சொன்னார். உங்கள் கதை வேறு. 'என் பக்கத்தை ஃப்ரேமுக்குள் (வேறு தளத்தின் பக்கத்துக்குள் ஒரு பெட்டியாக) திறக்காதே' என்று ஒரு சர்வர் சொன்னால் பிரவுசர் கீழ்ப்படியும். அதைத் தாண்ட வழக்கமான வழி, பக்கத்தை உங்கள் சர்வருக்கு இழுத்து, அந்தத் தடை வரியை உருவிப் போட்டுவிட்டு, உங்கள் முகவரியில் இருந்து அனுப்புவது. உங்கள் டெவலப்பர் அதைத்தான் செய்தாரா என்று இன்றே கேளுங்கள். ஆமாம் என்றால் நீங்கள் கொடுத்தது லிங்க் இல்லை, நகல். அமெரிக்காவில் அமேசான் மீது பர்ஃபெக்ட் 10 என்ற படப் பத்திரிகை போட்ட வழக்கில் 2007-இல் ஃப்ரேம் தப்பித்ததே, முழுப் படம் வேறொருவர் சர்வரில் இருந்து நேராக வந்ததால்தான். ஐரோப்பாவில் இன்னும் மோசம்: உரிமையாளர் தடுப்பு போட்ட பிறகு அதைத் தாண்டி ஃப்ரேமில் காட்ட அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச்சில் தீர்ப்பே வந்துவிட்டது. மேலே உங்கள் விளம்பரப் பட்டி, கீழே அவர்கள் பக்கம் என்றால், அவர்கள் பெயரை வைத்து நீங்கள் சம்பாதிப்பதாக இன்னொரு குற்றச்சாட்டும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

சரி, இதுவரை நடந்தது சமாளிக்கக்கூடியதுதான். என் கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது இதற்கு அப்புறம்.

நோட்டீஸோடு ஓர் உறுதிமொழிப் பத்திரமும் வந்திருக்கும், பாருங்கள். 'கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுகிறோம்.' தொல்லை ஒழியட்டும் என்று போட்டுவிடுவார்கள். அதில் 'எங்கள் நிறுவனத்தையோ தளத்தையோ எந்த வகையிலும் குறிப்பிடவோ இணைக்கவோ மாட்டேன், மீறினால் ஒவ்வொரு முறைக்கும் இவ்வளவு' என்று இருக்கும். என்னிடம் வந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தளத்தைச் சுத்தம் செய்தார். கைபேசிக்கான பழைய பதிப்பில் நாற்பது பக்கங்களில் லிங்க் இருந்ததை மறந்துவிட்டார். எதிர்த்தரப்பு எட்டு மாதம் சும்மா இருந்து, நாற்பதையும் படம் பிடித்து, நாற்பதால் பெருக்கிக் கேட்டது. அப்போது லிங்க் கொடுப்பது சட்டப்படி சரியா என்ற பேச்சுக்கே இடமில்லை, அது வெறும் ஒப்பந்த மீறல். வழக்குப் போட்டுத் தோற்றிருந்தால்கூட அவருக்குக் குறைவாகத்தான் போயிருக்கும்.

அதனால் சமரசத்துக்குப் போங்கள், ஆனால் அவர்கள் எழுதிய பத்திரத்தில் இல்லை. ஃப்ரேமை இன்றே எடுங்கள். நேரடி லிங்க் இருக்கட்டும், அது அவர்கள் தளத்தில், தனியாகத் திறக்கட்டும். அதே உள்ளடக்கத்தோடு உங்கள் வக்கீல் ஒரு வரைவு அனுப்பட்டும்: விட்டுப்போன லிங்கைச் சொன்னால் நீக்க இத்தனை நாள் அவகாசம், அதற்குப் பிறகுதான் மீறல். இது புதிது ஒன்றும் இல்லை. 1996-இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் டைம்ஸ் பத்திரிகை, போட்டிச் செய்தித் தளம் தன் உள்பக்கங்களுக்கு லிங்க் கொடுத்ததற்கு இடைக்காலத் தடை வாங்கியது. 1997-இல் தீர்ப்பு வராமலே, ஒவ்வொரு லிங்குக்கும் கீழே 'ஷெட்லாண்ட் டைம்ஸ் செய்தி' என்று போடச் சொல்லி முடிந்தது. அதே வருடம், மற்றவர்களின் செய்திப் பக்கங்களை ஃப்ரேமில் காட்டிய டோட்டல் நியூஸ் தளத்தின் மீது வாஷிங்டன் போஸ்டும் மற்றவர்களும் போட்ட வழக்கும் அப்படித்தான்: எழுத்தில் லிங்க் இருக்கலாம், ஃப்ரேம் கூடாது.

நீங்கள் அனுப்பிய பதிலைப் படித்தேன். 'உங்கள் தடுப்பு எங்களுக்கு ஒரு மணி நேர வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்தேன் என்று இனிமேல் சொல்ல முடியாது, அந்தக் கதவை நீங்களே சாத்திவிட்டீர்கள். இனி ஒரு வரிகூட நேரடியாக எழுத வேண்டாம். அப்புறம், சர்வர் பதிவுகளையும் டெவலப்பரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் பயத்தில் அழித்துவிடாதீர்கள். அவர்களிடம் நகல் இருந்து உங்களிடம் இல்லாமல் போனால், சமரசம் பேச வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.