ஜோகனஸ்பர்க்கில் இருந்து போய், லெசோத்தோ எல்லை மலைகளில் ஒரே நாளில் நடந்து திரும்ப நல்ல பாதை எது? 12 வயது மகளை அழைத்துப் போகலாமா? பாஸ்போர்ட் வேண்டுமா?

சென்டினல் பாதைக்குப் போங்கள். ட்ராகன்ஸ்பர்க் மலையின் வடக்கு முனையில், சென்டினல் சிகரத்தின் இடுப்பைச் சுற்றிப் போய், சங்கிலி ஏணியில் ஏறி, துகேலா அருவி விழத் தொடங்கும் இடத்துக்கே போய்ச் சேரும் வழி அது. போகவர 12 முதல் 14 கிலோமீட்டர். நின்று பார்த்து, சாப்பிட்டு, மெதுவாக நடந்தால் ஆறேழு மணி நேரம் ஆகும். கார் நிறுத்தும் இடமே சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேலே போனால் 3,000 மீட்டரைத் தொடுவீர்கள். உயரத்தின் பெரும்பகுதியைக் காரே ஏறிவிடுவதால்தான் ஒரு நாளில் இது முடிகிறது.

பாஸ்போர்ட் விஷயம் முதலில். அருவி வரைக்கும் நீங்கள் தென்னாப்பிரிக்காவுக்குள்தான் இருப்பீர்கள். ஆனால் அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரத்தில் மோன்ட்-ஓ-சூர்ஸ் சிகரம், 3,282 மீட்டர். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால், ஃப்ரீ ஸ்டேட் மாகாணங்களும் லெசோத்தோ நாடும் சந்திக்கும் இடம் அந்தப் பக்கம்தான். அங்கே சாவடியோ காவலரோ கிடையாது. அதற்காக லெசோத்தோவுக்குள் இறங்கிச் சுற்றலாம் என்று நினைக்காதீர்கள். சட்டப்படி நாட்டின் எல்லையைக் கடக்க முறையான சாவடி வழியாகத்தான் போகவேண்டும். அடையாள அட்டை பையில் இருந்தால் போதும்.

ஜோகனஸ்பர்க்கில் இருந்து ஹாரிஸ்மித், அங்கிருந்து புத்தாடிச்சாபா, பிறகு விட்சீஸ்ஹூக் என்று நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் முந்தைய நாள் மாலையே போய் விட்சீஸ்ஹூக் மலை விடுதியில் தங்குங்கள். கடைசிச் சில கிலோமீட்டர் சாலை மோசம். சின்னக் கார் என்றால் அதைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு, அவர்கள் ஏற்பாடு செய்யும் உயரமான வண்டியில் போவது நல்லது. மேலே கார் நிறுத்தும் இடத்தில் உள்ள பதிவேட்டில் பெயரையும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் எழுதிவிட்டுத்தான் நடக்கவேண்டும். இதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். யாராவது திரும்பாவிட்டால் மீட்புக் குழு முதலில் பார்ப்பது அந்த ஏட்டைத்தான்.

ஏணியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். பாறையில் அடித்த ஆணிகளில் இருந்து தொங்கும் இரும்புப் படிகள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டம். கால் வைத்தால் லேசாக அசையும், சத்தம் போடும், காலை நேரத்தில் கையை உறைய வைக்கும். ஆனால் படிகள் நல்ல அகலம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாராளமாக ஏறுகிறார்கள். மகளை நடுவில் விடுங்கள்: ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கீழே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள், அதுதான் பயத்தைக் கூட்டும். அடுத்த படியை மட்டும் சொல்லுங்கள். ஏறுவதைவிட இறங்கத் தொடங்கும் முதல் இரண்டு படிதான் கஷ்டம் என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். உயரம் அவளுக்கு ஆகவே ஆகாது என்றால் ஏணி அடிவாரத்தோடு திரும்பினாலும் அந்த நாள் வீணாகாது. அதுவரைக்கும் நடக்கும் பாதையே மலைச்சுவரை ஒட்டி, ஒரு பக்கம் க்வாக்வா பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடக்க, அத்தனை அழகு. ஏணிக்குப் பதிலாக ஒரு செங்குத்தான பாறை இடுக்கும் இருக்கிறது. கல் உருளும். பிள்ளையோடு அந்த வழி வேண்டாம்.

மேலே போனதும் எதிர்பாராத சமவெளி. புல், கருங்கல் பாறை, நடுவில் தாண்டிக் குதிக்கக்கூடிய ஓர் ஓடை. அதுதான் துகேலா ஆறு. அந்தச் சின்ன ஓடை விளிம்புக்குப் போய் ஐந்து தாவலில் 948 மீட்டர் விழுகிறது. உலகின் மிக உயரமான அருவிகளில் ஒன்று. சுமார் 5 கிலோமீட்டர் நீள மலைச்சுவர் அரைவட்டமாக இரண்டு பக்கமும் நீண்டு நிற்கும். விளிம்பில் பாறை வழுக்கும், குனிந்து எட்டிப் பார்க்கவே கூடாது, படுத்துக்கொண்டு பாருங்கள். தாடிக் கழுகு கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். எலும்பை உயரத்தில் இருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் பறவை அது. தெற்கு ஆப்பிரிக்காவில் இந்த மலைத்தொடரில்தான் மிஞ்சியிருக்கிறது.

பெரும்பாலோர் அருவியைப் படம் பிடித்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்வது, அந்த ஓடைக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டு மகளிடம் தண்ணீரின் கதையைச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் விழும் மழை துகேலாவில் சேர்ந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. முதுகுப்பக்கம், லெசோத்தோவில் விழுவது செங்கு ஆற்றோடு சேர்ந்து, ஆரஞ்சு ஆறாகிக் கண்டத்தையே குறுக்காகக் கடந்து அட்லாண்டிக்கில் கலக்கிறது. என் மாமியார் நேட்டால் கடற்கரைப் பக்கம் ஸ்டேங்கரில் வளர்ந்தவர். அவர்கள் ஊருக்கு வடக்கே கடலில் சேர்வது இதே துகேலாதான். 1860 முதல் நம் ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் விட்டார்களே, அந்தக் காலத்தில் நேட்டாலுக்கும் சூளு நாட்டுக்கும் எல்லையாக ஓடியதும் இந்த ஆறுதான்.

ஜோகனஸ்பர்க்கில் நாம் திறக்கும் குழாயும் இதில் சேர்த்திதான். துகேலாவின் தண்ணீரைக் கீழிருந்து மலைக்கு மேலே ஏற்றி ஸ்டெர்க்ஃபொன்டைன் அணையில் தேக்குகிறார்கள். தேவைப்படும்போது அது வால் அணைக்கு வருகிறது. 1998 முதல் லெசோத்தோவின் தண்ணீரும் சுரங்கக் குழாய் வழியாக நமக்கு வருகிறது. இவ்வளவும் இந்த மலைகளில் பிறக்கும்போது, அடிவாரத்தில் இருக்கும் க்வாக்வாவில் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதே பெரிய பாடு. 2020 தொடக்கத்தில் அங்கே தண்ணீர் கேட்டு மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நிறவெறி ஆட்சி பசோத்தோ மக்களுக்கென்று ஒதுக்கி, தனி ஆட்சிப் பகுதி என்று பெயர் கொடுத்து, நெருக்கி அடைத்த இடம் அது. போகும் வழியில் வாளியும் கையுமாக வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் மகள் ஏன் என்று கேட்பாள். அதற்கும் பதில் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அதனால் குடிதண்ணீரை வீட்டில் இருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர். பழமும் ரொட்டியும் புத்தாடிச்சாபா கடைகளில் வாங்குங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். பாதை தெளிவாக இருந்தாலும் மேகம் இறங்கினால் மேலே திசையே தெரியாது. மேலே போர்வை போர்த்திய மேய்ப்பர்கள் ஆட்டு மந்தையோடு எதிர்ப்படுவார்கள். "துமேலா, ந்தாத்தே" என்று முதலில் நீங்களே வணக்கம் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மேலே இரவு தங்குகிறவர்களின் பொருட்கள் திருட்டுப்போவது உண்டு என்பதால் கூட்டமாகவே இருங்கள், பொழுதோடு இறங்குங்கள்.

மாதம் என்று பார்த்தால் ஏப்ரல், மே. அருவியில் தண்ணீர் இருக்கும், இடிமழை ஓய்ந்திருக்கும். கோடையில் போவதானால் காலை ஆறு மணிக்கே நடக்கத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மின்னல் வெட்டும்போது இரும்பு ஏணியில் இருக்கக்கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அருவி பெரும்பாலும் வற்றிக் கிடக்கும், சில நாள் பனி விழும். ஏணியில் பனி உறைந்திருக்கிறது என்று தங்குமிடத்தில் சொன்னால் அன்றைக்கு ஏறாதீர்கள்.