கணினி கேள்வி – பதில்: லினக்ஸில் இலகுவான மியூசிக் பிளேயர்

கேள்வி: 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்புடன் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். பாட்டுக் கேட்டுக்கொண்டே பிரௌசரைத் திறந்தால் கணினி திணறுகிறது. ஆடேசியஸ் பிளேயர் இலகுவானது என்கிறார்கள். அதை நானே எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பதில்: தாராளமாக நிறுவிப் பாருங்கள். பீப் மீடியா பிளேயரிலிருந்து 2005-இல் கிளைத்த ஆடேசியஸ், பாட்டை ஒலிக்கச் செய்வதையே முதல் வேலையாகக் கொண்டது. மற்ற வசதிகளில் பெரும்பாலானவை செருகுநிரல்களாக இருப்பதால், வேண்டாதவற்றை அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

ஆனால் ஒரு பிளேயர் எவ்வளவு இலகுவானது என்பது உங்கள் டெஸ்க்டாப்பையும் பொறுத்தது. எக்ஸ்எஃப்சிஇ, சாளரங்களையும் பொத்தான்களையும் வரைய உதவும் ஜிடிகே என்னும் நிரலகத்தின் மேல் எழுந்தது. ஆடேசியஸோ 2020-இல் வந்த 4.0 பதிப்பு முதல், அதே வேலையைச் செய்யும் க்யூட்டி என்னும் வேறொரு நிரலகத்தை இயல்பாகக் கொண்டிருக்கிறது. ஆகவே அதைத் திறக்கும்போது, உங்கள் கணினியில் அதுவரை தேவைப்படாத க்யூட்டி கோப்புகளும் நினைவகத்தில் ஏறும். அப்படியும் அது இலகுவான பிளேயர்தான் என்பதே என் கருத்து. உங்கள் லினக்ஸ் விநியோகத்தின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே அதை நிறுவுங்கள். எந்த விநியோகத்திலும் ஓடும் பொதிகளைத் தரும் ஃபிளாட்பேக் வழியாக நிறுவினால், அதற்கென்று தனி இயக்கச்சூழல் ஒன்றும் தரவிறங்கி வட்டில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சோதனைக்கு ஒற்றைப் பாட்டு போதாது. உங்கள் இசைக் கோப்புறை முழுவதையும் பட்டியலில் சேருங்கள். பல ஆயிரம் பாடல்கள் ஏறிய பிறகு பட்டியலை வேகமாக உருட்டும்போதும், தேடல் கட்டத்தில் தட்டச்சு செய்யும்போதும் தடங்கல் இருக்கிறதா என்று கவனியுங்கள். இடைவெளியின்றித் தொடரும் ஒரு கச்சேரிப் பதிவை ஒலிக்கவிட்டு, ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒலி அறுபடுகிறதா என்றும் கேளுங்கள். திறக்கும் வேகத்தை ஒப்பிடும்போது, கணினியை இயக்கியபின் முதல்முறை திறப்பதையே கணக்கில் கொள்ளுங்கள். இரண்டாம் முறை திறக்கையில் கோப்புகள் முன்பே நினைவகத்தில் இருப்பதால் எந்தப் பிளேயரும் விரைவாகத்தான் திறக்கும்.

பாட்டு ஓடும்போது டெர்மினலில், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப் (htop) கட்டளையைக் கொடுத்து, பிளேயர் உண்மையில் பிடித்திருக்கும் நினைவகத்தைக் காட்டும் 'ஆர்இஎஸ்' (RES) பத்தியைப் பாருங்கள். பக்கத்திலுள்ள 'விஐஆர்டி' (VIRT) பத்தியின் பெரிய எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். நிரல் ஒதுக்கிவைத்த முகவரிப் பரப்பும் அதில் அடங்குமே தவிர, அத்தனையும் நினைவகத்தில் அமர்ந்திருப்பதில்லை. செயலியின் பயன்பாடு அதிகமாகத் தெரிந்தால், இசைக்கேற்ப ஆடும் பட்டைகளை முதலில் நிறுத்துங்கள். எம்பி3 கோப்பை ஒலியாக்குவது இன்றைய செயலிகளுக்கு மிகச் சிறிய வேலை. நொடிக்குப் பலமுறை திரையில் வரைவதே கூடுதல் சுமை.

இன்னும் இலகுவாக வேண்டுமென்றால் சி-மியூஸ் (cmus) இருக்கிறது. டெர்மினலுக்குள்ளேயே ஓடும் இந்தப் பிளேயரில் 'எக்ஸ்' (x) விசை பாட்டைத் தொடங்கும், 'சி' (c) இடைநிறுத்தும், 'பி' (b) அடுத்த பாட்டுக்குப் போகும். விசைகள் கைக்குப் பழகச் சற்றுப் பொறுமை வேண்டும். பழகியபின் சுட்டியைத் தேட மனம் வராது.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2 ஜிபி நினைவகத்தில் பெரும்பங்கை விழுங்குவது பிரௌசர்தான். பிளேயரை மாற்றுவதோடு, திறந்துகிடக்கும் தாவல்களையும் குறைத்தால்தான் உங்கள் திணறல் தீரும்.

கேள்வி: புதிய பிளேயரில் தமிழ்ப் பாடல்களின் பெயர்கள் சில கட்டங்களாகவும், சில புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகவும் தெரிகின்றன. பிளேயரில் கோளாறா?

பதில்: இல்லை; இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். கட்டங்கள் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும். ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிபவை பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் எழுதப்பட்ட விவரங்கள். பாடல் விவரங்களைத் திருத்தும் கிட்3 (Kid3) போன்ற கருவியில் அந்தக் கோப்புகளைத் திறந்து, பெயர்களை யூனிகோடில் மீண்டும் எழுதிச் சேமியுங்கள். பிறகு எந்தப் பிளேயரிலும் அவை சரியாகத் தெரியும்.