ஒன்பது நாளாக ஒரே ஊரில்

கேள்வி: வேலையை விட்டுவிட்டு, முதுகுப்பையோடு தென் அமெரிக்கா வந்திருக்கிறேன். பொலிவியாவின் லா பாஸ் நகரில் இன்று ஒன்பதாவது நாள். காலையில் சந்தையில் ‘அபி’ குடிக்கிறேன், கேபிள் காரில் சுற்றுகிறேன், சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். விடுதியில் உடனிருந்தவர்கள் இரண்டே நாளில் உயூனி உப்புப் பாலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அம்மாவோ, “சும்மா உட்காரவா இவ்வளவு செலவழித்துப் போனாய்?” என்கிறார். மேட்டில் ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. நாட்களை வீணடிக்கிறேனா? – பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: தம்பி, முதலில் மூச்சைக் கவனிப்போம். நீங்கள் இருப்பது சுமார் 3,600 மீட்டர் உயரத்தில். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். மேட்டில் ஏறும்போது இரைத்தால் கவலை வேண்டாம். சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தாழ்வான ஊருக்கு இறங்குங்கள்.

வருகிறவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: கொஞ்சமாகச் சாப்பிடு, மெல்ல நட, தனியாகத் தூங்கு. மூன்றாவதை அம்மாவிடம் விளக்க வேண்டாம். நான் போனபோது முதல் இரண்டையும் மதிக்கவில்லை. வந்த மறுநாளே, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வண்டி பிடித்து 5,000 மீட்டருக்கு மேலே சக்கல்தாயா மலைக்குப் போனேன். மலையைப் பார்த்த நேரத்தைவிட வாந்தி எடுத்த நேரம்தான் அதிகம். அங்கிருந்த பனியாறு 2009-லேயே கரைந்துபோய்விட்டது. அதைக்கூட விசாரிக்காமல் கிளம்பிய அவசரம்!

இப்போது உங்கள் அபிக்கு வருகிறேன். ஊதாச் சோளத்தில் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய அந்தக் கூழை ஒன்பது நாளும் ஒரே கடையில்தான் குடித்தீர்களா? அப்படியானால் அந்தக் கடைக்கார அம்மாளை நீங்கள் ‘கசேரா’ என்று கூப்பிடலாம். வாடிக்கையாக வருகிறவரை அவரும் அதே உரிமையோடு அழைப்பார். இரண்டு பக்கமும் செல்லும் இப்படியொரு சொல் நம்மிடம் இல்லை. ஆனால் அவர் கோப்பையில் கூடுதலாக ஊற்றும் அரைக் கரண்டிக்கு அங்கே ‘யாப்பா’ என்று பெயர். அது நம்முடைய கொசுறேதான். இரண்டு நாளில் ஓடியவர்களுக்குப் படம் கிடைத்திருக்கும், கொசுறு கிடைத்திருக்காது.

சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முரில்லோ சதுக்கம் என்றால் நாடாளுமன்றக் கட்டிடத்தின் கடிகாரத்தைக் கவனித்தீர்களா? 2014-இல் முட்களை இடமிருந்து வலமாகச் சுற்றாமல் எதிர்த் திசையில் சுற்றும்படி மாற்றினார்கள், எண்களையும் அப்படியே. தெற்கு அரைக்கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் நகரும், நாங்கள் ஏன் வடக்கைப் பார்த்து நகலெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேபிள் காரில் வியாழன் அல்லது ஞாயிறு, மேட்டின் மேலே இருக்கும் பக்கத்து நகரமான எல் ஆல்தோவுக்கு ஏறுங்கள். அன்றுதான் அங்கே பெருஞ்சந்தை கூடும். போகும் வழியில் ஊரின் மொட்டைமாடிகள் காலுக்குக் கீழே வரும், துணி காய்வது உட்பட. பொதுவாக மேட்டில்தான் பணக்காரர் வீடு இருக்கும். லா பாஸிலோ குளிருக்குப் பயந்து பணம் பள்ளத்துக்கு இறங்கியிருக்கிறது.

உயூனியை விட்டுவிடவும் வேண்டாம். அந்த உப்புவெளியும் லா பாஸ் உயரம்தான். அதைத் தாண்டிச் செல்லும் பயணத்தில் 4,000 மீட்டருக்கு மேலே இரவு தங்க வேண்டிவரும். ஒன்பது நாள் பழகிய உடம்புக்கு அது எளிது. அம்மாவிடம் இதையே சொல்லுங்கள்: உட்காரவில்லை, உடம்பைத் தயார்படுத்துகிறேன் என்று. பொய்யில்லை.

ஒன்றை மட்டும் நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது. காலையில் சந்தைக்குப் போக ஆசையாக எழுகிறீர்களா, அல்லது அடுத்த பஸ் டிக்கெட் எடுக்கப் பயந்து படுத்திருக்கிறீர்களா? முதலாவதென்றால் இன்னும் நான்கு நாள் இருங்கள். இரண்டாவதென்றால் நாளைக்கே டிக்கெட் எடுங்கள்.

திரும்பும்போது அம்மாவுக்கு என்று கோகா இலைத் தேநீர்ப் பொட்டலம் வாங்கிவிடாதீர்கள். அங்கே அது கடைக்குக் கடை கிடைக்கும். இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். கம்பளிச் சால்வை போதும். அதற்கும் யாப்பா கேட்டுப் பாருங்கள்.